பண்டிகை சீசன்ல சின்னக் கடைய சோசியல் மீடியாவுல எப்படி எடுத்துட்டுப் போறது: முதல் தடவ பண்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சீசன் நெருங்குதுன்னா கடை வச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு படபடப்பு வந்துடும். பெரிய கம்பெனிங்க ஒரு மாசம் முன்னாடியே விளம்பரத்த கொட்ட ஆரம்பிச்சுடுவாங்க, போன திறந்தா அவங்க ஆஃபர் தான், அதப் பாத்துட்டு நம்மளும் ஏதாவது பண்ணணுமேன்னு அவசர அவசரமா ஒரு பேஜ ஆரம்பிச்சு, நாலு போட்டோ போட்டு, பத்து லைக் வந்து, "இதெல்லாம் நமக்கு செட் ஆகாது"ன்னு விட்டுடறவங்க ரொம்ப பேர். கடைக்காரங்க பக்கத்துல உக்காந்து பேஜ் செட் பண்ணிக் குடுக்கற வேலைய நான் பாக்கறதால இத திரும்பத் திரும்ப பாக்கறேன், பாக்கறப்ப எல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். நல்ல சரக்கு வச்சிருப்பாங்க, நல்லா பேசுவாங்க, ஆனா ரெண்டு தெரு தள்ளி இருக்கறவங்களுக்கே அப்படி ஒரு கடை இருக்கறது தெரிஞ்சிருக்காது.

அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. உங்களுக்கு வேண்டியது லட்சம் பேர் பாக்கற வீடியோ இல்ல, இன்னைக்கு சாயங்காலம் உங்க கடைக்கு வந்து சேர முடியற தூரத்துல இருக்கற ஆளு. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணா பார்சல் எப்ப வரும்னு சீசன் கடைசி வாரத்துல யாருக்கும் உறுதியா தெரியாது, உங்க கிட்ட வந்தா கையோட எடுத்துட்டுப் போகலாம், தொட்டுப் பாக்கலாம், போட்டுப் பாக்கலாம், "இதுலயே நீலம் இருக்கா"ன்னு ஒரு மனுஷன் கிட்ட கேட்டு பதில் வாங்கலாம். இந்த நாலும் பெரிய கம்பெனியால குடுக்க முடியாதது. கீழ நான் சொல்லப் போறது எல்லாமே இத பக்கத்துல இருக்கறவங்க கண்ணுல படற மாதிரி காட்டறதுக்குத் தான்.

எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டா, ஒரு ஆறு வாரம் முன்னாடின்னு சொல்வேன். நாலு வாரம் தான் இருக்குன்னா அதுவும் ஓகே, ஆனா கடைசி வாரத்துல புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க, அந்த வாரம் பூரா கடையில கூட்டத்தப் பாக்கவும் மெசேஜுக்கு பதில் சொல்லவுமே நேரம் பத்தாது.

முதல் வேலை: கூகுள் மேப்புல கடை சரியா இருக்கா?

இது சோசியல் மீடியா இல்லையேன்னு நெனப்பீங்க. ஆனா உங்க ரீல்ஸ (இன்ஸ்டாகிராம்ல போடற சின்ன வீடியோ) பாத்துட்டு ஒருத்தர் "கடை எங்க இருக்கு, இப்ப திறந்திருக்குமா"ன்னு தேடறது இங்க தான், இங்க தப்பா இருந்தா அதுக்கு முன்னாடி பண்ணது எல்லாம் வீண். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்னு பேரு, 2021 வரைக்கும் கூகுள் மை பிசினஸ்னு சொல்லிட்டு இருந்தது இது தான், காசு கிடையாது. ஏற்கனவே யாராவது உங்க கடைய மேப்புல சேத்திருக்கலாம், அப்படி இருந்தா புதுசா ஒண்ணு போடாம அதையே உங்க பேருக்கு க்ளைம் பண்ணுங்க, இல்லன்னா ரெண்டு பின் வந்து வர்றவங்க கொழம்பிடுவாங்க.

வெரிஃபிகேஷனுக்கு இப்ப பெரும்பாலும் வீடியோ கேக்கறாங்க. தெருவுல இருந்து ஆரம்பிச்சு, போர்டு தெரியற மாதிரி, அப்புறம் நீங்களே பூட்டத் திறந்து உள்ள போய் சரக்கையும் கல்லாவையும் காட்டற வரைக்கும் கட் பண்ணாம ஒரே ஷாட்டா எடுங்க. அத செக் பண்ண சில நாள் எடுத்துக்குவாங்க, ஒரு தடவ ரிஜெக்ட் ஆனா திரும்ப எடுக்கணும், இதுக்குத் தான் ஆறு வாரம்னு சொன்னேன்.

அதுக்குள்ள ஸ்பெஷல் ஹவர்ஸ்னு ஒரு இடம் இருக்கு, லீவு நாளுக்குன்னு தனியா நேரம் போடறது. சீசன்ல நீங்க ராத்திரி ரெண்டு மணி நேரம் கூட திறந்து வைக்கறீங்கன்னா அத இங்க போட்டே ஆகணும். போடலன்னா மேப் பழைய நேரத்த வச்சு "மூடியாச்சு"ன்னு காட்டும், வர இருந்த ஆளு வேற கடைக்குப் போயிடுவாரு, அப்படி ஒருத்தர் போனதே உங்களுக்குத் தெரியாது.

பக்கத்துல இருக்கற கடைங்கள்ல யார மேல காட்டறதுன்னு கூகுள் முக்கியமா மூணு விஷயம் பாக்கும்: தேடறதுக்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், கடை எவ்வளவு தெரிஞ்ச கடை. தூரத்த நம்ம மாத்த முடியாது. மத்த ரெண்டுக்கும் கேட்டகிரிய சரியா போடுங்க, போட்டோ போடுங்க, ரிவ்யூ வாங்குங்க. சந்தோஷமா வாங்கிட்டுப் போறவங்க கிட்ட "ரெண்டு வரி எழுதுங்களேன்"னு கேக்கறதுல தப்பே இல்ல, ஆனா ரிவ்யூ போட்டா டிஸ்கவுண்ட்னு சொல்லாதீங்க, அது அவங்க ரூலுக்கு எதிரானது, ரிவ்யூவையே தூக்கிடுவாங்க.

அடுத்தது வாட்ஸாப் பிசினஸ்

ஒண்ணே ஒண்ணு தான் பண்ண நேரம் இருக்குன்னா நான் கை காட்டறது இதத் தான். 2018ல இருந்து இருக்கற ஆப், ஃப்ரீ. சாதாரண வாட்ஸாப்புல இல்லாத சில விஷயம் இதுல இருக்கு, சின்னக் கடைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். கேட்டலாக்ல 500 ஐட்டம் வரைக்கும் போட்டோ விலையோட போட்டு வைக்கலாம், அவ்வளவு தேவையே இல்ல, சீசனுக்கு ஓடற ஒரு இருபது போதும். கடை மூடின நேரத்துல மெசேஜ் வந்தா தானா போற அவே மெசேஜ் இருக்கு. குயிக் ரிப்ளைல "கடை எங்க இருக்கு" மாதிரி தினமும் வர்ற கேள்விக்கு பதில ஒரு தடவ டைப் பண்ணி வச்சுட்டா ஒரு ஸ்லாஷ் தட்டி அனுப்பிடலாம். அப்புறம் லேபிள், அதாவது ஒவ்வொரு சாட்டுலயும் ஒட்டற அடையாளச் சீட்டு, அதப் பத்தி பின்னாடி சொல்றேன், எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அது தான்.

ப்ராட்காஸ்ட் லிஸ்ட்னா ஒரே மெசேஜ நெறைய பேருக்கு தனித்தனியா அனுப்பற லிஸ்ட், ஒண்ணுல 256 பேர் வரைக்கும் சேக்கலாம். ஆனா இங்க தான் நெறைய பேர் ஏமாறுவாங்க: உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தா தான் அந்த மெசேஜ் அவங்களுக்குப் போய் சேரும். அதனால பில் போடும்போதே "இந்த நம்பர சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா வாரத்துக்கு ஒரு மெசேஜ் தான் அனுப்புவேன், வேணாம்னா சொல்லுங்க நிறுத்திடறேன்"னு சொல்லிடுங்க. இப்படி கேட்டு வாங்கின நூறு பேரு, எங்கயோ புடிச்ச ஆயிரம் நம்பர விட மேல். தெரியாதவங்களுக்கு மொத்தமா அனுப்பினா நாலு பேர் ரிப்போர்ட் அடிப்பாங்க, சீசன் நடுவுல வாட்ஸாப் உங்க நம்பர முடக்கிட்டா கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்டேட்டஸும் இருக்கு, 24 மணி நேரம் நிக்கும், அதுக்கும் அதே ரூல், ரெண்டு பேரும் நம்பர சேவ் பண்ணியிருக்கணும். காலையில ஒண்ணு, கடையில வேலை குறைஞ்ச மத்தியானத்துல ஒண்ணு போதும்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்

இதுல செட்டிங் ரொம்ப இல்ல, சீக்கிரம் சொல்லிடறேன். அக்கவுண்ட ப்ரொஃபஷனல் அக்கவுண்ட்டா மாத்துங்க, ஃப்ரீ தான், மாத்தினா யாரு எந்த நேரத்துல பாக்கறாங்கன்னு இன்சைட்ஸ்ல தெரியும். பிசினஸ்னு மாத்தினதுக்கு அப்புறம் சினிமா பாட்டு எல்லாம் எல்லா ரீல்ஸுக்கும் கிடைக்காது, அவங்களே குடுக்கற ஃப்ரீ மியூசிக்கோ உங்க சொந்த குரலோ தான், என்னக் கேட்டா சொந்த குரல் தான் நல்லா எடுபடும். நேம்னு இருக்கற இடத்துல கடை பேரு மட்டும் போடாம என்ன விக்கறீங்க, எந்த ஏரியான்னும் சேத்துப் போடுங்க, தேடறவங்களுக்கு அந்த வார்த்தை தான் மாட்டும். பயோவுல நேரம், வழி, வாட்ஸாப் லிங்க். மூணு போஸ்ட் வரைக்கும் மேல பின் பண்ணலாம், அதுல ஒண்ணு கடைக்கு வர்ற வழி, மெயின் ரோட்டுல இருந்து நடந்து வர்ற மாதிரி ஒரு வீடியோ. இத யாரும் பண்றதே இல்ல, ஆனா புதுசா வர்றவங்களுக்கு இத விட உதவியா ஒண்ணும் கிடையாது.

எல்லா ஆப்புலயும் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. உங்க கடைக்கு வர்ற பத்து பேர் கிட்ட "எதுல அதிகமா இருப்பீங்க"ன்னு கேளுங்க, அதுல எது அதிகமா வருதோ அது ஒண்ணும் வாட்ஸாப்பும் போதும். ரெண்ட ஒழுங்கா பாத்துக்கறது அஞ்ச அரைகுறையா வச்சிருக்கறத விட எவ்வளவோ மேல்.

என்ன காட்டறதுன்னு முடிவு பண்ணுங்க

கடை முழுக்க இருக்கறத எல்லாம் போட ஆரம்பிக்காதீங்க. சரக்கு அலமாரி முன்னாடி நின்னு ஒரு பேப்பர்ல இருபது ஐட்டம் எழுதுங்க, அது எதுன்னா, பரிசா குடுக்க ஏத்தது, கையில போதுமான பீஸ் இருக்கறது, உங்களுக்கு ஓரளவு லாபம் நிக்கறது. மூணுல ஒண்ணு இல்லன்னாலும் லிஸ்ட்ல வேணாம். ரெண்டே பீஸ் இருக்கற சாமான வீடியோ போட்டு அம்பது பேர் கேட்டு நாப்பத்தெட்டு பேருக்கு இல்லன்னு சொல்றது உங்களுக்கும் வேதனை, அவங்களுக்கும் வேதனை.

அப்புறம் அத "யாருக்கு"ன்னு பிரிங்க. சீசன்ல வர்ற பாதிப் பேருக்கு என்ன வாங்கறதுன்னே தெரியாது, யாருக்கு வாங்கணும்னு மட்டும் தான் தெரியும். அப்பாவுக்கு, கூட வேலை பாக்கறவங்களுக்கு, ஸ்கூல் போற பிள்ளைக்கு, புதுசா குடி போனவங்களுக்கு. பொருளோட பேர தலைப்பா வைக்காம இந்த மாதிரி ஆள தலைப்பா வச்சு நாலு நாலு பொருளா காட்டுங்க.

2025 ஜனவரில இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொன்னது, ஒரு போஸ்ட எவ்வளவு பேருக்குக் காட்டறதுன்னு முடிவு பண்றதுல முக்கியமான மூணு: எவ்வளவு நேரம் பாக்கறாங்க, எவ்வளவு பேர் லைக் போடறாங்க, எவ்வளவு பேர் இன்னொருத்தருக்கு அனுப்பறாங்க. அதுல உங்கள ஃபாலோ பண்ணாதவங்க கிட்டப் போய் சேர அந்த கடைசி விஷயம் தான் அதிகமா வேலை செய்யும்னாரு. இப்ப யோசிங்க, "அப்பாவுக்கு என்ன வாங்கறது"ன்னு ஒரு வீடியோ இருந்தா அத ஒரு தங்கச்சி அண்ணனுக்கு அனுப்பி "இது ஓகேவா"ன்னு கேப்பா. வெறும் "புதிய வரவு"ன்னு போட்டா யாரு யாருக்கு அனுப்புவாங்க?

போட்டோ, வீடியோ எடுக்கறது

கேமரா வாங்க வேணாம், ரிங் லைட்டும் வேணாம். போன் லென்ஸ ஒரு காட்டன் துணியால தொடைங்க, கடையில கை பட்டுப் பட்டு அதுல எண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கும், பாதி போட்டோ மங்கலா வர்றதுக்கு அது தான் காரணம். அப்புறம் டியூப் லைட்டுக்கு அடியில இருந்து சாமான வாசல் பக்கம் கொண்டு வாங்க. வெயில் நேரா படக்கூடாது, நிழல்ல இருக்கணும், ஆனா வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து வரணும். காலையில கடை திறந்த முதல் அரை மணி நேரம் இதுக்கு ரொம்ப தோது, கூட்டமும் இருக்காது.

ஒரு தோள் பைய எடுத்துக்குவோம். சும்மா கவுண்டர்ல நிக்க வச்சு எடுத்தா அது எவ்வளவு பெருசுன்னே தெரியாது. கையில புடிச்சு எடுங்க, கை இருந்தா சைஸ் தன்னால புரியும். வீடியோன்னா இப்படி: முதல் ரெண்டு செகண்ட் ஜிப் திறக்கறது, சத்தம் கேக்கற மாதிரி போன கிட்ட வச்சு. அடுத்து உள்ள ஒரு தண்ணி பாட்டில், ஒரு லேப்டாப், ஒரு செட் துணி ஒண்ணொண்ணா போறது. அப்புறம் ஜிப்ப மூடி தோள்ல மாட்டறது. கடைசியா பட்டை தைச்சிருக்கற இடத்த விரலால இழுத்துக் காட்டறது. மொத்தம் பதினஞ்சு செகண்ட். பேசணும்னா நீங்க கடையில வர்றவங்க கிட்ட எப்படி பேசுவீங்களோ அப்படியே, "இங்க பாருங்க, இந்தத் தையல் தான் எல்லா பையிலயும் முதல்ல விட்டுப் போகும், இதுல ரெட்டைத் தையல் போட்டிருக்கு." இது உங்களுக்குத் தெரியும், பெரிய கம்பெனி விளம்பரத்துல வர்ற பொண்ணுக்குத் தெரியாது. அந்த ஒரு வரிக்காகவே ஆளு வரும்.

போன நிமித்தி புடிச்சு எடுங்க, ரீல்ஸுக்கு 1080க்கு 1920 அளவு. எழுத்து போடறப்ப நடுவுல போடுங்க, அடியில போட்டா கேப்ஷனும் பட்டனும் வந்து மறைச்சுடும். சத்தம் இல்லாம பாக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க, அதனால முக்கியமான வார்த்தைய ஸ்க்ரீன்லயும் போட்டுடுங்க. வேற ஆப்போட வாட்டர்மார்க் (வீடியோ மேல வர்ற லோகோ) இருக்கற வீடியோவ அப்படியே ரீல்ஸ்ல ஏத்தாதீங்க, அந்த மாதிரி வீடியோவ அதிகம் பேருக்குக் காட்ட மாட்டோம்னு இன்ஸ்டாகிராம் 2021லயே சொல்லிடுச்சு. நெட்ல இருந்து கம்பெனி போட்டோவ எடுத்துப் போடறதும் வேணாம், படத்துல ஒரு கலரு நேர்ல ஒரு கலருன்னா சண்டை உங்க கவுண்டர்ல தான் நடக்கும்.

கேப்ஷன்ல விலைய போடுங்க. இத நான் அழுத்தி சொல்வேன். "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க"ன்னு போட்டா மெசேஜ் அதிகமா வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா சீசன்ல பத்து கடைய ஒரே நேரத்துல பாத்துட்டு இருக்கற ஆளு விலை இல்லாத கடைய தள்ளிட்டுப் போயிடுவாரு, நமக்கு கட்டுபடியாகாது போலன்னு அவரே முடிவு பண்ணிக்குவாரு. விலை, என்னென்ன சைஸ் இருக்கு, இன்னைக்கு எத்தன மணி வரைக்கும் கடை, எங்க இருக்கு. இந்த நாலு இருந்தா போதும். ஹேஷ்டேக்கா போட்டு நிரப்பாதீங்க, ஏரியா பேரும் பொருள் பேரும் வர்ற மாதிரி மூணு நாலு போதும், லொக்கேஷன் டேக் மட்டும் மறக்காதீங்க.

எந்த வாரம் என்ன

முதல் ரெண்டு வாரம் விக்கறதப் பத்தி அதிகம் பேச வேணாம். சரக்கு வந்து பெட்டிய பிரிக்கறது, எதுக்கு இந்த மாடல எடுத்தீங்கன்னு சொல்றது, உங்க முகம், கூட வேலை பாக்கறவங்க முகம் (அவங்க கிட்ட கேட்டுட்டு). ரெண்டு பேக்கிங் பேப்பர காட்டி எது நல்லாருக்குன்னு ஸ்டோரில (24 மணி நேரத்துல மறைஞ்சுடற போஸ்ட்) ஒரு ஓட்டெடுப்பு போடுங்க, ஓட்டு போட்டவங்களுக்கு உங்க கடை ஞாபகம் இருக்கும். வாரத்துக்கு மூணு ரீல்ஸ், தினம் ரெண்டு ஸ்டோரி, இதுக்கு மேல ஒரு ஆளால இழுக்க முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க.

மூணாவது நாலாவது வாரம் தான் அந்த "யாருக்கு" வீடியோ எல்லாம். ஒரே நாள்ல உக்காந்து எட்டு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, மெட்டா பிசினஸ் சூட்ல (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டையும் நடத்தற மெட்டா கம்பெனியோட ஆப்) நேரம் செட் பண்ணி விட்டா அதுவே போட்டுடும், காசு கிடையாது.

கடைசி ரெண்டு வாரம் ஜனங்களுக்குத் தேவை தகவல். எது இருக்கு, எது தீந்துடுச்சு, எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும், பேக் பண்ணித் தருவீங்களா, மாத்திக்கலாமா. கவுண்டவுன் ஸ்டிக்கர் போடலாம். "கடைசி 3 பீஸ்"னு போட்டா நெசமாவே மூணு தான் இருக்கணும், நாளைக்கு வந்து பத்து இருக்கறதப் பாத்தா அந்த ஆளு உங்க பேச்ச அப்புறம் நம்பவே மாட்டாரு, பக்கத்துல இருக்கறவங்க கிட்ட வியாபாரம் பண்றவங்களுக்கு அந்த நம்பிக்கை தான் சொத்து.

பக்கத்துக் கடைக்காரங்களையும் சேத்துக்கோங்க. நீங்க பை விக்கறீங்க, பக்கத்துல செருப்புக் கடை, எதிர்ல கிஃப்ட் கடைன்னா மூணு பேரும் சேந்து ஒரே வீடியோ எடுத்து கோலாப் போஸ்ட்டா போடுங்க, ஒரே போஸ்ட் எல்லார் பேஜ்லயும் தெரியும், அவங்க ஆளுங்க உங்களப் பாப்பாங்க, உங்க ஆளுங்க அவங்களப் பாப்பாங்க.

மெசேஜ் வந்தா எப்படி பதில் சொல்றது

வியாபாரம் நெசமா நடக்கறது இங்க தான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒருத்தங்க மெசேஜ் பண்றாங்க:

"அக்கா அந்த நீலக் கலர் பேக் இருக்கா?"

நான் பாக்கற பாதி கடையில பதில், நாலு மணி நேரம் கழிச்சு, "கடைக்கு வந்து பாருங்க." அந்தப் பொண்ணு வருமா? வராது, வந்து இல்லன்னா அலைச்சல் தானேன்னு நெனைக்கும். இதுவே பத்து நிமிஷத்துல இப்படி போனா:

"இருக்குமா, நீலத்துல ரெண்டு பீஸ் இருக்கு. இப்ப எடுத்த போட்டோ அனுப்பறேன் பாருங்க. கடை இன்னைக்கு 9 மணி வரைக்கும். வர்றதா இருந்தா பேரு சொல்லுங்க, 7 மணி வரைக்கும் எடுத்து வைக்கறேன்."

அவ்வளவு தான். அப்புறம் அந்தப் பைல ஒரு துண்டு பேப்பர்ல பேர எழுதி சொருகி கவுண்டருக்குப் பின்னாடி வைங்க. வந்தவங்க தன் பேரு எழுதின பேப்பரப் பாக்கறப்ப மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்கப்புறம் அவங்க வேற கடைக்குப் போறது கஷ்டம். நேரமும் சேத்து சொல்றது முக்கியம், 7 மணிக்கு மேல வரலன்னா ஒரு மெசேஜ் போட்டுட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்துடலாம், யாருக்கும் மனக்கசப்பு வராது.

இல்லாத சாமான கேட்டா "இல்ல"ன்னு மட்டும் முடிக்காதீங்க. "நீலம் தீந்துடுச்சுமா, கரும்பச்சை இருக்கு, நீலம் வந்தா சொல்லட்டுமா?" சரின்னாங்கன்னா அவங்களோட சாட்டுக்கு வாட்ஸாப்புல ஒரு லேபிள், "வந்தா சொல்லணும்." முன்னாடி சொன்னேன்ல, லேபிள் தான் எனக்குப் பிடிச்சதுன்னு, இதுக்குத் தான். "எடுத்து வச்சாச்சு", "காசு வந்தாச்சு"ன்னும் ரெண்டு வச்சுக்கோங்க, ராத்திரி கடை மூடறப்ப லேபிள தொட்டுப் பாத்தா எல்லாம் வரிசையா நிக்கும்.

கூட்ட நேரத்துல ஒரே ஆளு கல்லாவையும் போனையும் பாக்க முடியாது. வீட்டுல ஒரு பிள்ளையோ தம்பியோ சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மெசேஜ மட்டும் பாக்கட்டும், லிங்க்டு டிவைஸ்ல இன்னொரு போன்ல அதே நம்பர திறந்துக்கலாம்.

கமெண்ட்ல யாராவது குறை சொன்னா அழிக்காதீங்க. "மன்னிச்சுக்கோங்க, பில்லோட வாங்க, மாத்தித் தர்றேன்"னு எல்லார் முன்னாடியும் ஒரு பதில் போட்டுட்டு மிச்சத்த மெசேஜ்ல பேசுங்க. அந்த பதில படிக்கற மத்தவங்க தான் உங்களுக்கு முக்கியம்.

காசு குடுத்து விளம்பரம்

முதல் தடவைக்கு இது இல்லாமலேயே ஓட்டலாம். பண்றதா இருந்தா, ஏற்கனவே நல்லா போன ஒரு வீடியோவ எடுத்து அதுக்கு மட்டும் சின்ன தொகை போடுங்க, சரியா போகாத வீடியோவ காசு போட்டு தூக்க முடியாது. ஏரியாவ கடைய சுத்தி சில கிலோமீட்டர்னு சுருக்குங்க, அப்படியே விட்டா ஊர் பூரா காட்டி காச கரைச்சுடும், வரவே முடியாத தூரத்துல இருக்கறவங்க லைக் போட்டு என்ன பண்ண? நோக்கம்னு கேக்கற இடத்துல லைக், வியூ எல்லாம் வேணாம், மெசேஜ்னு குடுங்க, தொட்டா நேரா வாட்ஸாப் திறக்கற மாதிரி.

மெட்டால விளம்பரம் எல்லாம் ஏலம் மாதிரி தான், அந்த இடத்துக்கு போட்டி அதிகமானா விலையும் ஏறும், சீசன் கடைசி நாள்ல பெரிய ஆளுங்க எல்லாம் ஒரே நேரத்துல கொட்டுவாங்க. அதனால மூணு வாரம் முன்னாடியே சின்னதா ஓட்டிப் பாத்துடுங்க. ரிவ்யூவுக்கே ஒரு நாள் வரைக்கும் ஆகும், போட்ட உடனே ஓடும்னு நம்பி கடைசி நாள் போடாதீங்க, ஓட ஆரம்பிச்சதும் தினமும் அத நோண்டவும் வேணாம், ஒவ்வொரு பெரிய மாத்தத்துக்கும் யாருக்குக் காட்டறதுன்னு மெட்டா திரும்ப முதல்ல இருந்து கத்துக்கும். ஐபோன் வச்சிருந்தா ஆப்புக்குள்ள இருந்து பூஸ்ட் (போஸ்ட்டுக்கு காசு போட்டு விளம்பரமாக்கறது) பண்றப்ப ஆப்பிளோட கட்டணம் சேருதான்னு பாருங்க, 2024ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் மேல போட்டாங்க, பிரவுசர்ல போய் பண்ணா அது வராது.

கிவ்அவே வைக்கணும்னு ஆசை இருந்தா ஒரு விஷயம். "உங்க டைம்லைன்ல ஷேர் பண்ணா தான் கலந்துக்கலாம்", "ஃப்ரெண்ட டேக் பண்ணியே ஆகணும்"னு ஃபேஸ்புக்குல வைக்கக் கூடாது, ரூல்லயே இருக்கு. ஃபேஸ்புக்குக்கும் இந்தப் போட்டிக்கும் சம்பந்தம் இல்லன்னும் ஒரு வரி போடணும். கமெண்ட் போடச் சொல்லி, பரிச கடைக்கு வந்து வாங்கிக்கற மாதிரி வைங்க, அப்ப தான் பக்கத்துல இருக்கறவங்க கலந்துக்குவாங்க.

பாதுகாப்பு

சீசன்ல திருட்டுப் பசங்களுக்கும் சீசன் தான். "உங்க பேஜ் காப்பிரைட்ட மீறிடுச்சு, 24 மணி நேரத்துல அழிச்சுடுவோம், இந்த லிங்க்ல லாகின் பண்ணுங்க"ன்னு மெசேஜ் வரும், லோகோ எல்லாம் அச்சு அசலா இருக்கும். தொடாதீங்க. உங்க போனுக்கு வர்ற ஆறு டிஜிட் கோட யாரு கேட்டாலும், ஃப்ரெண்ட் நம்பர்ல இருந்தே கேட்டாலும், குடுக்காதீங்க. இன்ஸ்டாகிராம்ல டூ ஃபேக்டர், வாட்ஸாப்புல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், ரெண்டும் லாகினுக்கு மேல இன்னொரு பூட்டு மாதிரி, ரெண்டையும் இன்னைக்கே போட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. காசு அனுப்பிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் காட்டினா அத நம்பி சாமான குடுக்காதீங்க, உங்க அக்கவுண்ட்ல வந்திருக்கான்னு நீங்களே பாத்துட்டு குடுங்க, எவ்வளவு கூட்டமா இருந்தாலும்.

2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூணும் ஒண்ணா ஒரு ஆறு மணி நேரம் படுத்துடுச்சு, உலகம் பூரா. அது உங்க சீசன் கடைசி நாள்ல நடந்தா? அதனால உங்க கஸ்டமர் நம்பர், யாருக்கு என்ன எடுத்து வச்சிருக்கீங்கங்கற கணக்கு, இது ரெண்டும் ஒரு நோட்டுலயும் இருக்கட்டும்.

எண்ணிப் பாருங்க

கல்லா பக்கத்துல ஒரு அட்டை ஒட்டுங்க. நாலு வரிசை: வாட்ஸாப், இன்ஸ்டாகிராம், மேப், யாரோ சொல்லி. பில் போடறப்ப "எங்க பாத்துட்டு வந்தீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டு ஒரு கோடு போடுங்க. இன்சைட்ஸ்ல வர்ற நம்பர் எல்லாத்தையும் விட இந்தக் கோடு தான் உங்களுக்கு நெசத்த சொல்லும். ரெண்டு வாரத்துல எந்த வரிசை நீளமா இருக்கோ அதுல நேரத்த போடுங்க, காலியா கிடக்கறத தயங்காம நிறுத்திடுங்க.

சீசன் முடிஞ்ச மறுநாள் கடை வெறிச்சோடி இருக்கும், உடம்பு வலிக்கும். அன்னைக்கு மூணே வேலை. முதல்ல மேப்புல நேரத்த பழையபடி மாத்துங்க, சைஸ் மாத்த வர்றவங்களுக்கு எந்த தேதி வரைக்கும் மாத்திக்கலாம்னு ஒரு ஸ்டோரி போட்டு ஹைலைட்ல (மறையாம ப்ரொஃபைல்லயே நிக்கற இடம்) வைங்க. அப்புறம் வாட்ஸாப்ப திறந்து அந்த "வந்தா சொல்லணும்" லேபிள தொடுங்க. அதுல இருக்கற ஒவ்வொருத்தரும் உங்க கிட்ட வாங்கணும்னு ஆசைப்பட்டு கிடைக்காம போனவங்க. என்னென்ன கேட்டிருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு அடுத்த சரக்கு எடுக்கப் போங்க, நீலப் பை வந்து இறங்கின அன்னைக்கே, பேஜ்ல போடறதுக்கு முன்னாடி, அந்தப் பொண்ணுக்கு முதல் மெசேஜ் போகட்டும்: "வந்துடுச்சுமா, ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."